கம்பெனி லென்ஸுக்கு மாறலாமா? – கேள்வி-பதில்

இந்த வாரம் முழுக்கக் கேமராக்காரர்கள் வாரம். முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லென்ஸ் பற்றித்தான்: கேமரா கம்பெனியே செய்யும் ‘கம்பெனி லென்ஸா’, வேறு நிறுவனம் செய்யும் ‘தேர்டு பார்ட்டி லென்ஸா’ என்று. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தேர்டு பார்ட்டி லென்ஸ் என்றாலே மட்டம்தானா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

1936-இல் வெளிவந்த ஹன்சா கேனானின் முகப்பில் இருந்தது நிக்கார் லென்ஸ். அதைச் செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான். அடுத்த வீட்டு லென்ஸோடுதான் கேனானே கடைக்கு வந்தது! டாம்ரான் 1950-லும் சிக்மா 1961-லும் தொழில் தொடங்கியவை. சிக்மா இன்றைக்கும் தன் லென்ஸ்களை ஜப்பானின் ஐஸு ஆலையில் செய்கிறது. கண்ணாடி தேய்க்கும் கலையில் இவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. சிக்கல் வந்தால், கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் வரும்.

புது கேனான் பாடி வாங்கினேன். ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸைப் போட்டால் எர்ரர் காட்டுகிறது. லென்ஸ் போய்விட்டதா?
– ஸ்டுடியோ உரிமையாளர், பழைய பெருங்களத்தூர்

லென்ஸ் போகவில்லை, பேச்சுதான் அறுந்துவிட்டது. கேனான் 1987-இல் இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோது, லென்ஸோடு பேசும் மின்பாஷையை வெளியாருக்குச் சொல்லித் தரவில்லை. சிக்மா ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டது. பின்னால் வந்த பாடிகள் புதிதாக ஒன்றைக் கேட்டபோது பழைய லென்ஸ்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தலைமுறை லென்ஸ்களுக்குச் சிப் மாற்றித் தந்த காலமும் போய்விட்டது.

இப்போதைய நிலைமை எவ்வளவோ தேவலை. 2013-இல் சிக்மா ஒரு யுஎஸ்பி டாக் வெளியிட்டது, 2016-இல் டாம்ரான் டாப்-இன் கன்சோல் கொண்டுவந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே லென்ஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ளலாம். சோனி 2011-லேயே தன் இ-மவுண்ட் விவரங்களை வெளியாருக்குத் திறந்துவிட்டது. கேனான்தான் ஆர்எஃப் மவுண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. 2022-இல் வில்ட்ராக்ஸின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை நிறுத்தச் சொன்னது, 2024-இல் சிறிய சென்சார் கேமராக்களுக்கு மட்டும் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கொடுத்தது. எனவே கடைக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது முறைப்படி லைசென்ஸ் வாங்கிச் செய்ததா? என் பாடிக்கு ஃபர்ம்வேர் வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நிக்கான் டி7200 பாடி, டாம்ரான் 150-600 ஜி2 லென்ஸ். காலையில் முடிச்சூர் ஏரிக்கரையில் எடுக்கும் பறவைப் படங்கள் ஷார்ப்பாக இல்லை. டாம்ரானை விற்றுவிட்டு நிக்கான் 200-500 வாங்கிவிடட்டுமா?
– பறவை ஆர்வலர், முடிச்சூர்

விற்பதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை எனக்குக் கொடுங்கள். உங்கள் தெருமுனையில் ஈபி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதில் ‘அபாயம்’ என்று எழுதிய தகடும் இருக்கும். நேர் எதிரே முப்பது மீட்டர் தள்ளி டிரைபாடை வையுங்கள். லென்ஸில் வைப்ரேஷன் காம்பன்சேஷனை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, செல்ஃப் டைமர், 600 எம்எம். முதலில் லைவ் வியூவில் எழுத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, எஃப் 6.3-இல் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று. பிறகு வியூஃபைண்டர் வழியே வழக்கம்போல ஃபோகஸ் செய்து அதே இரண்டு.

வீட்டுக்கு வந்து நான்கையும் முழு அளவில் பாருங்கள். லைவ் வியூவில் எழுத்தின் விளிம்பு கத்திபோல இருந்து, வியூஃபைண்டரில் மட்டும் குழைந்திருந்தால், உங்கள் லென்ஸ் நல்ல லென்ஸ். ஃபோகஸ் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகிறது, அவ்வளவுதான். டி7200-இன் செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் இருக்கிறது, செலவில்லாமல் சரிசெய்யலாம். எஃப் 6.3-இல் மங்கி எஃப் 8-இல் தெளிந்தால், வெளிச்சம் இருக்கும்போது எஃப் 8-இல் எடுங்கள். நான்குமே தெளிவாக இருந்து ஏரியில் மட்டும் மங்கினால் கையும் ஷட்டரும்தான் காரணம். கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. வெயில் ஏறி, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிட்டால் எந்தக் கம்பெனி லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு படமும் மங்கல் என்றால்தான் லென்ஸ் குற்றவாளி. அப்போதும் முதலில் சர்வீஸ் சென்டருக்குக் காட்டுங்கள்.

இனி நிக்கான் 200-500. எஃப் 6.3-க்குப் பதில் எஃப் 5.6, அதாவது மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதல். கேட்கச் சின்ன லாபம்தான். ஆனால் உங்கள் டி7200-இன் ஃபோகஸ் புள்ளிகள் எஃப் 5.6 வரைக்கும் கணக்கிட்டுச் செய்தவை, நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை தாங்கும். அதனால் மங்கலான மார்கழிக் காலையில், ஓரப்புள்ளியில் ஒரு மீசை ஆலாவைத் துரத்தும்போது நிக்கானின் நிதானம் தெரியும். பதிலுக்கு 100 எம்எம் இழக்கிறீர்கள், எடை 2.3 கிலோவாக ஏறுகிறது. நடுப்புள்ளியிலேயே எடுக்கிறவர் என்றால் மாற வேண்டாம். ஓரப்புள்ளிகளில் பறக்கும் பறவையை எடுக்கிறவர் என்றால் தாராளமாக மாறுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்குப் புது பாடியா, புது லென்ஸா?
– வாசகர், இரும்புலியூர்

லென்ஸ்.

கல்யாணப் படம் எடுக்கிறேன். சோனி பாடி, டாம்ரான் 28-75 லென்ஸ். பார்ட்டிகள் ‘கம்பெனி லென்ஸ் வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சோனியின் 24-70 ஜிஎம் வாங்கிவிடலாமா?
– திருமணப் புகைப்படக்காரர், முடிச்சூர்

பார்ட்டி கேட்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். போன சீசன் ஆல்பம் ஒன்றை அவர்கள் மடியில் வையுங்கள், பேச்சு மாறிவிடும். வாங்க வேண்டிய காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் அட்சதை போட அத்தனை பேரும் மேடையேறிவிட்டால் உங்களுக்குப் பின்னால் நகர ஓர் அடி இடம் இருக்காது. 28-இன் கோணம் 75 டிகிரி, 24-இன் கோணம் 84 டிகிரி. அந்த ஒன்பது டிகிரிக்குள்தான் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் நிற்கிறார்கள். தாலி கட்டும் படத்தில் அவர்கள் முகம் வெட்டுப்படுவது உங்களுக்கு அடிக்கடி நடக்கிறது என்றால் 24 அவசியம். அதைச் சிக்மாவும் 24-70 எஃப் 2.8 என்று தருகிறது, மறக்க வேண்டாம்.

வேகத்தை வைத்து யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். சோனி ஏ9, ஏ1 பாடிகளில் தேர்டு பார்ட்டி லென்ஸ் வினாடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும், கம்பெனி லென்ஸில் 20, 30 வரை ஓடும். உண்மைதான். கிரிக்கெட்டுக்கு அது வேண்டும். மூன்று முடிச்சுக்கு 15 ஏராளம். எடையிலும் டாம்ரான் 28-75 ஜி2 540 கிராம், ஜிஎம்மின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். முந்தின நாள் ரிசப்ஷனில் தொடங்கி மறுநாள் மதியப் பந்தி வரை கழுத்தில் தொங்குகிற எடை இது.

என் தீர்ப்பு: உங்களிடம் இரண்டாவது பாடி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். முகூர்த்தத்தில் ஒரே பாடி படுத்துவிட்டால் ஜிஎம் வந்து காப்பாற்றாது. அடுத்து ஒரு 35 எஃப் 1.8. மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் தரும். மூன்றாவதாக ஜிஎம், அதுவும் டாம்ரானை விற்காமல்.

மகள் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருக்கிறாள். 50 எம்எம் லென்ஸ் வேண்டுமாம். கேனான் போலவே இருக்கும் சீன லென்ஸ் விலை குறைவாகக் கிடைக்கிறதே, அது போதாதா அம்மணி?
– ஒரு தாய், சேலையூர்

இந்த ஓர் இடத்தில் கம்பெனியே வாங்கிக் கொடுங்கள், அம்மா. கேனானில் 50 எஃப் 1.8 என்பது விலைப்பட்டியலின் அடிவரிசையில் இருக்கும் லென்ஸ். நகலுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் சின்னத் தொகை. யோங்நுவோவின் 50 எம்எம், கேனான் 1990-இல் வெளியிட்ட மாடலைப் பார்த்துச் செய்த அச்சு. கேனானோ 2015-இல் மோட்டாரை மாற்றி, உலோக மவுண்ட் வைத்துப் புதிது கொண்டுவந்துவிட்டது. மூன்று வருடப் படிப்புக்கும் அதற்குப் பிறகும் உழைக்கும். படித்து முடித்து விற்றாலும் நல்ல விலைக்குப் போகும்.

வரதராஜபுரத்தில் வீடு. மழைக்காலம் வந்தாலே லென்ஸை எங்கே வைப்பது என்று கவலை. கம்பெனி லென்ஸ் என்றால் தண்ணீர் தாங்குமா?
– வாசகர், வரதராஜபுரம்

தாங்காது. வெதர் சீலிங் என்பது தூறலுக்கும் தூசுக்கும். 2015 டிசம்பரில் அடையாறு உங்கள் பக்கம் வந்ததையும், 2023-இல் மிக்ஜாம் புயலில் தெருக்கள் மறுபடி மூழ்கியதையும் எந்த ரப்பர் வளையமும் தடுக்காது. அக்டோபர் பிறந்ததும் கேமரா பை பீரோவின் மேல்தட்டுக்குப் போகட்டும், பில்லும் சீரியல் நம்பரும் போனில் படமாக இருக்கட்டும், முடிந்தால் இன்ஷூரன்ஸ். ஒருவேளை நனைந்துவிட்டால் பாடியை ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, அப்படியே சர்வீஸுக்குக் கொடுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பது உதவாது, மாவுதான் உள்ளே போகும்.

வெள்ளத்தைவிட அதிகம் லென்ஸைக் கொல்வது ஃபங்கஸ். ஈரத்தில் தோல் பைக்குள் மூடி வைத்தால் போதும், கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல படர்ந்து கோட்டிங்கை அரித்துவிடும். கம்பெனி, தேர்டு பார்ட்டி என்று அது பார்ப்பதில்லை. டிரை கேபினெட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு வசதியில்லையா? காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுபண்ணி மறுபடி போடுங்கள். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கும் முன் இதை வாங்குங்கள்.

ஒட்டுப்போட்ட சாமான்களை வைத்துப் பெரிய பெயர் எடுத்த புகைப்படக்காரர் யாராவது நம்மிடம் உண்டா?
– கல்லூரி மாணவர், கிழக்கு தாம்பரம்

இருந்தார். மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். ஒரு கம்பெனியின் பாகம், இன்னொன்றின் பாகம், மூன்றாவது ஒன்றின் பாகம் என்று தானே பூட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதைப் பார்த்து வியந்து எழுதிவைத்திருக்கிறார் இயற்கையாளர் ஈ.பி. ஜீ. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை யானைப் படங்களைத் தேடிப் பாருங்கள். யானை எங்கே வரும், எந்த வெளிச்சத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று தெரிந்து எடுத்த படங்கள் அவை. அந்த அறிவை எந்த மவுண்டிலும் மாட்டலாம்.

செகண்ட் ஹேண்டில் கம்பெனி லென்ஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, குரோம்பேட்டை

கையில் டார்ச் கொண்டுபோங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முன்னால் பாருங்கள்: வலைப்பின்னல் தெரிந்தால் ஃபங்கஸ், எழுந்து வந்துவிடுங்கள். நாலைந்து தூசு இருந்தால் பரவாயில்லை. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த பாடியில் மாட்டி, கிட்டே தூரே என்று பத்துத் தடவை ஃபோகஸ் செய்யுங்கள். இந்திய வாரண்டி அட்டையும் சீரியல் நம்பர் எழுதிய பில்லும் இருக்கிறதா பாருங்கள். பில் இல்லாத புது லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால், நாளைக்கு சர்வீஸ் செலவு உங்கள் தலையில்.

வேடந்தாங்கலில் 600 எம்எம் போட்டாலும் பறவை சின்னதாக இருக்கிறது. முடிச்சூர்ப் பக்கம் கூடு இருந்தால் கிட்டே போய் எடுக்கலாமா?
– வாசகர், மண்ணிவாக்கம்

கூடாது. நீங்கள் கிட்டே போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்புவதற்குள் முட்டையைக் காகம் கொண்டுபோகும், இல்லை குஞ்சு வெயிலில் வதங்கும். படம் சின்னதாக இருந்தால் இருக்கட்டும். பள்ளிக்கரணையானாலும் நன்மங்கலமானாலும் இதே விதிதான்.

கடைசியாகக் கேட்கிறேன். மாறலாமா, வேண்டாமா என்று வீட்டிலிருந்தபடியே எப்படி முடிவு செய்வது?
– வாசகர், முடிச்சூர்

வீட்டிலிருந்தபடி முடியாது. சென்னையில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். ஒரு சனி, ஞாயிறுக்கு அந்தக் கம்பெனி லென்ஸை எடுங்கள். உங்கள் பழைய லென்ஸையும் கொண்டுபோய் ஒரே ஏரியில், ஒரே வெளிச்சத்தில், மாற்றி மாற்றி எடுங்கள். லென்ஸ் பெயர் தெரியாமல் இரண்டு படங்களையும் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சரியாகக் கண்டுபிடித்தால் வாங்குங்கள். கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வரும் கடிதங்களை இதே பகுதியில் வெளியிடுகிறேன்.