முருகனுக்குப் பின்னால் ஒரு மலை

வடபழனியில் குடியிருப்பவன் முருகன் படம் சேர்க்கிறான் என்றால் அக்கம்பக்கத்தில் மரியாதை தானாக வரும். எனக்கும் வந்தது. நான் சேர்ப்பது முருகனை அல்ல, அவருக்குப் பின்னால் தெரிகிற மலையை என்று மாடி வீட்டு மாமிக்குத் தெரிந்த நாளிலிருந்து சுண்டல் வருவது நின்றுபோனது.

பழைய பொங்கல், தீபாவளி வாழ்த்து அட்டைகளை எடுத்துப் பாருங்கள். முன்னால் வள்ளி, தெய்வானை, மயில் என்று குடும்பமே நிற்கும். பார்ப்பவர்கள் கும்பிட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் கண் அவர்கள் தோளைத் தாண்டி ஓடும். நீலமும் ஊதாவும் கலந்த மலை, அதிலிருந்து விழும் அருவி, கீழே தாமரைக் குளம், குளத்தில் இரண்டு அன்னம். யார் வரைந்தது இதையெல்லாம்?

தேடிப் போனால் கோவில்பட்டியில் கொண்டுபோய் விடும். சி. கொண்டையராஜு 1898இல் நம்ம மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணரிடம் கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து படுதா எழுதினார். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று அந்தக் காலத்து மேடைக்குத் துணியிலேயே ஊர் உலகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவரும் அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் என்று சீடர்கள் கூடினார்கள். பக்கத்திலேயே சிவகாசி, படம் வரைந்தால் அச்சடிக்க ஆள் தயார். 1976இல் அவர் காலமாகும்போது தமிழ்நாட்டில் அவர் வரைந்த சாமி இல்லாத பூஜை அறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் பெயர் தெரிந்த வீட்டையும் அப்படித்தான்.

காட்டு சீன் எழுதிப் பழகிய கை சாமிக்குப் பின்னால் சும்மா ஆகாயத்தைப் பூசிவிட்டுப் போகுமா? அங்கேயும் ஒரு படுதா விழுந்துவிடும். முருகன் மேடையேறிய ராஜபார்ட் மாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

கோவில்பட்டியைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அது கரிசல் பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் வேலிக்கருவையும்தான். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் வேரூன்றியதற்கு அங்கே மழை குறைவு என்பதும் ஒரு காரணம். மருந்து நமுத்துப்போகாது, மை சீக்கிரம் காயும். ஆனால் தமிழ்நாட்டிலேயே அதிகத் தண்ணீர் ஓடியது இந்த அட்டைகளில்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த ஊரில் உட்கார்ந்து ஒருவர் இரட்டை அருவி வரைந்திருக்கிறார் என்றால் அதை ரசனை என்பதா, ஏக்கம் என்பதா? அன்னம் வேறு. அந்தப் பக்கத்தில் யாரும் கோழியைத் தாண்டி அன்னம் வளர்த்ததாகத் தெரியவில்லை.

சில பொங்கல் அட்டைகளில் சாமிக்கும் லீவு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, தென்னை, ஆறு. ஒன்றாம் வகுப்பில் நாம் எல்லோரும் வரைந்த அதே ஊர். அந்த ஊருக்கு எந்த பஸ்ஸிலும் டிக்கெட் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் தை பிறந்தால் அங்கிருந்துதான் மாமாவும் சித்தப்பாவும் ஒட்டாத உறையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி வாழ்த்து அனுப்பினார்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் ஆதரவு கிடையாது. “ஏங்க, யாருக்கோ யாரோ அனுப்பினதை நாம ஏன் காசு குடுத்து வாங்கணும்?” என்பது மனைவியின் கேள்வி. நியாயமான கேள்விதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று 2001இல் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனதைச் சொன்னேன். அன்று ராத்திரி என் அட்டைப் பெட்டி பரணிலிருந்து பீரோவுக்குப் பதவி உயர்வு பெற்றது. அங்கேயும் பெயர் நின்றது கோலுக்குத்தான், வரைந்த ஹார்ஸ்லியை யார் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. பீரோ போய்விடுமே.

மாமியிடம் வேறு வாதம் வைத்தேன். வடபழனிக் கோயிலே ஒரு படத்தில்தானே ஆரம்பித்தது? அண்ணாசாமி நாயக்கர் என்ற பக்தர் பழனியிலிருந்து கொண்டுவந்த முருகன் படத்தை ஓலைக் கொட்டகையில் வைத்துப் பூஜித்தார், சிலையும் கோபுரமும் பிற்பாடுதான் என்று தல வரலாறு சொல்கிறது. “அந்தப் படத்துல அவர் மலையையா கும்பிட்டார்?” என்றாள் மாமி. விடவில்லை நான். கொண்டையராஜு இருந்தது திருவண்ணாமலையில். அங்கே மலைதானே மாமி சாமி? மாமி யோசித்தாள். மறுநாள் சுண்டல் வந்தது, பாதிக் கிண்ணம்.

அட்டைகள் எனக்குக் கிடைப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். மெட்ரோவில் ஆலந்தூர் இறங்கி பஸ் பிடித்தால் போதும். பழைய ரேடியோ, டைப்ரைட்டர், கை உடைந்த செட்டியார் பொம்மை, இவற்றுக்கு நடுவே ஒரு பெரியவர் ஷூ டப்பாவில் அட்டைகளை வைத்திருப்பார். அவர் விலைப்பட்டியல் எளிமையானது. எம்.ஜி.ஆர். என்றால் நூறு, சிவாஜி என்றால் எண்பது, சாமி என்றால் ஐம்பது. வெறும் மலையும் ஆறும் இருந்தால் பத்து. “ஆளே இல்லையே சார், இதுக்கு என்னத்தச் சொல்றது?” என்பார். இப்படி ஒரு கலை விமர்சகரை எந்தக் கேலரியிலும் பார்க்க முடியாது என்று மனதுக்குள் மெச்சியபடி பத்து பத்தாகக் கொடுத்து அள்ளிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் போனால் மனிதர் முருகனைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அட்டையை நீட்டுகிறார். “பின்னால பாருங்க சார், ரெட்டை அருவி, ஊதா மலை, அன்னம் மூணு! இருநூறு ரூபா.”

“சாமி ஐம்பதுதானே?”

“சாமி ஐம்பதுதான். மலைக்கு நூத்தம்பது.”