இல்லக் கணினிக் காவலியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

1. முன்னுரை

1986இல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் ‘பிரெயின்’ என்னும் வைரஸை எழுதி, அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் பதித்துவைத்தனர். பின்வந்த வைரஸ்கள் இந்த மரியாதையைக் கைவிட்டன. ஆகவே இல்லந்தோறும் ஆன்ட்டிவைரஸ் தேவையாயிற்று. அதை இல்லத்தார் தேர்ந்தெடுக்கும் முறையும் பேணும் முறையும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. கருதுகோள்

ஆன்ட்டிவைரஸைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவரும் பின்னர் அதன் வாயை அடைப்பவரும் ஒருவரே.

3. வகைப்பாடு

இல்லத்தார் நால்வகையினர்.

அ) மரபினர்: கணினியோடு இலவசமாக வந்த சோதனைப் பதிப்பைக் காலாவதியான பின்னும் போற்றுவோர். புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல் வருவது நின்று வெகுநாளாகியிருக்கும். கேட்டால், “அதான் கீழே ஐகான் இருக்கே” என்பர்.

ஆ) இருமையினர்: ஒன்றுக்கு இரண்டாகப் போடுவோர். ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதைச் சோதிக்கப் பாயும்; சமயத்தில் ஒன்று மற்றொன்றையே சந்தேகிக்கும். கணினி நகராது. இவர்கள் கடைக்குப் போய் ரேம் வாங்கி வருவர்.

இ) கிராக்கர்: காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆன்ட்டிவைரஸைத் திருட்டுப் பிரதியாக இறக்குவோர். உடன்வரும் குறிப்பில், ‘நிறுவும் முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கவும்’ என்றிருக்கும். ஏன் அணைக்க வேண்டும் என்ற வினா ஆய்வாளருக்கு எழுகிறது; இவர்களுக்கு எழுவதில்லை.

ஈ) துறவியர்: எதுவுமே போடாதோர். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் ஆன்ட்டிவைரஸ் உள்ளேயே அமைந்திருப்பதையும், வேறொன்றை நிறுவினால் அது தானே ஒதுங்கிக்கொள்வதையும் இவர்கள் அறியார். அறியாமலே முந்தைய மூவரையும்விடப் பாதுகாப்பாக இருக்கின்றனர். சும்மா இருப்பதன் சிறப்புக்கு வேறு சான்று வேண்டா.

4. களச் சான்று

காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புத் தத்கால் ரயில் முன்பதிவு திறக்கும். 9.58க்குத் திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பி, ‘அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யலாமா?’ என்று கேட்கும். குடும்பத் தலைவர் ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துவார். தலைவி, “அந்த ஸ்கேனையும் நிறுத்துங்க, நெட்டை அதான் இழுக்குது” என்பார். அதுவும் நிற்கும். டிக்கெட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதை மீண்டும் இயக்க ஆள் வருவதில்லை.

இந்தப் ‘பிறகு’க்கு உலக அளவில் விலை உண்டு. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே தந்துவிட்டது. வான்னாக்ரை பரவியது மே 12இல். இடைப்பட்ட இரண்டு மாதம் முழுவதும் ‘பிறகு’தான்.

5. முடிபு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. வீட்டுக்கு ஓர் ஆன்ட்டிவைரஸ் போதும். எது என்பதைவிட அப்டேட் தானாக நடக்க விடுவதே முக்கியம். புகைப்படங்களின் நகல் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏனெனில், ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும்.

கழற்றிய டிஸ்கை வைக்க உகந்த இடம் பீரோ லாக்கர். யார் வந்து கேட்டாலும், “எதுக்கு? எப்போ திருப்பித் தருவே?” என்று விசாரிக்காமல் பாட்டி சாவியை எடுப்பதில்லை. சந்தா கட்டி வாங்கும் எந்தப் பதிப்பிலும் இவ்வசதி இதுவரை வரவில்லை.