விகிதத்தில் முதலிடம்

மாநகரத்துச் சிறிய தனியார் கல்லூரிகளைக் குறை சொல்பவர்கள் நாக் கமிட்டியின் படிவத்தைப் புரட்டியதில்லை போலும். 1994இல் பெங்களூரில் பிறந்த அந்தத் தரமதிப்பீட்டு அமைப்பு, ஏழு அளவுகோல்களால் கல்லூரிகளை அளந்துவந்தது. இரண்டாவதில் ‘மாணவர் பன்முகத்தன்மை’ என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் கேட்டுவந்த கணக்குகளில் ஒன்று, ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது. என்ன ஆழமான சிந்தனை!

செல்போன் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் நம் கல்லூரி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. எம்.பி.ஏ.வில் மாணவர்கள் மூவர், பேராசிரியர்கள் நால்வர். ஆக்ஸ்போர்டுகூட அசந்துபோகும். மூவரில் ஒருவன் சித்தூர்க்காரன். ஆகவே பிற மாநிலம். அவனுக்குக் கட்டணம் பாதி, பிராஸ்பெக்டஸ் அட்டை முழுவதும் அவன் சிரிப்பு. இன்னொருத்தி துபாயில் பிறந்து குரோம்பேட்டையில் வளர்ந்தவள், ஆகவே சர்வதேசம். மூன்றாமவன் மாடியிலேயே குடியிருக்கும் தாளாளர் மகன். உள்ளூருக்கும் இடம் வேண்டாமா?

பாடங்களிலும் பன்முகம்தான். போன வருடத்து எம்.எஸ்ஸி. கணிதம் இந்த வருடம் எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸ். அதே அறை, அதே கரும்பலகை, பெயர்ப்பலகை மட்டும் எல்.இ.டி.

ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் ‘பணிபுரிந்த’ செய்தி 2024இல் வெளிவந்தபோது, சிலர் அதை மோசடி என்றார்கள். பகிர்ந்துண்ணும் பண்பு அறியாதவர்கள்.

கமிட்டி வந்த அன்று நம் பேராசிரியர்கள் நால்வரும் வேறொரு கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்தார்கள். எனவே மாணவர் மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டு ஆசிரியர் அறையில் அமர்ந்தார்கள். வகுப்பில் ஒருவரும் இல்லை. விகிதம் மேலும் முன்னேறியது.