இழுப்பறைக்குள் நாற்பது கவிதைகள்

கேள்வி: நாற்பது கவிதைகள் எழுதி வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டத் துணிவில்லை. என்ன செய்ய?

பதில்: துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவைத் தடுத்தது கூச்சமல்ல, காவல். புகுந்த வீட்டில் எழுதத் தடை. இரவில் கழிவறைக்குள் நின்றபடி எழுதினார். தாள்களை அம்மா ரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். ‘சல்மா’ என்ற புனைபெயரில் கவிதைகள் அச்சேறின. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பாக வந்தது. பெயரைத்தான் மறைத்தார், சொல்ல வந்ததை அல்ல. எவ்வளவு பெரிய துணிச்சல்!

அமெரிக்காவின் எமிலி டிக்கின்சன் எழுதிய கவிதைகள் சுமார் 1,800. உயிரோடிருக்கையில் அச்சானவை பத்துச் சொச்சம்தான். 1886இல் அவர் இறந்தபின் பெட்டியைத் திறந்து பார்க்க லவினியா என்றொரு தங்கை இருந்தாள்.

எல்லோருக்கும் லவினியா வாய்ப்பதில்லை. நாற்பதில் ஒன்றை இந்த வாரமே ஒரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள். தயக்கமென்றால் புனைபெயரில்.