கூழை நெகிழ்த்தும் துளி

கேள்வி: பீங்கான் பொம்மை வார்க்கும் களிமண் கூழ் தடித்துப்போனால், தண்ணீரை ஊற்றாமல் சோடியம் சிலிகேட்டைச் சேர்ப்பது ஏன்? (ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: பந்தி வாசலில் தோளோடு தோள் நெருக்கி நின்று ஒருவரும் நகராத விருந்தினரைப்போல், விளிம்பும் முகமுமாக ஒட்டிக்கிடக்கும் மண்துகள்களின் எதிர்மின்னேற்றத்தை சோடியம் சிலிகேட் மிகுவித்து ஒன்றையொன்று விலகச் செய்வதால், கரண்டியில் அசையாது நின்ற கூழ் கண்ணெதிரே காய்ச்சிய பாலைப்போல் ஒழுகத் தொடங்குகிறது. நீரை ஊற்றினாலும் நெகிழும். ஆனால் வார்ப்பு உலர்கையில் சுருங்கி வெடிக்கும், ஜிப்சம் அச்சும் நனைந்து சோர்ந்துவிடும். 100 கிலோ உலர்மண்ணுக்குச் சோடியம் சிலிகேட் சாதாரணமாக அரைக் கிலோவுக்குள் போதும். மிகுந்தால் கூழ் மறுபடியும் தடிக்கும். மெருகுப் பூச்சில் மிகுந்தாலோ, துகள்கள் அடியில் கல்லாய் இறுகிப் படியும். அப்போது சிட்டிகை எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். சோடியம் சிலிகேட்டுக்கோ கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்தே சேருங்கள்.