பேரீச்சம்பழத்துக்கும் ஆகாத சொத்து

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒழித்தார்கள். பழைய பேப்பர்காரர் வந்தார், தராசைத் தூக்கினார், அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொல்லிவிட்டார். செய்தித்தாள், பால் கவர், கைப்பிடி உடைந்த குக்கர், மகன் கைவிட்ட கிடார் எல்லாம் போயிற்று. விலை இல்லாமல் மிஞ்சியது வீட்டுக்காரரின் கணினிக்குள் இருந்த 143 கேம்கள்தான். (அந்த வீட்டுக்காரரும் இதை எழுதுகிறவரும் ஒரே மூக்குக்கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குமேல் கேட்க வேண்டாம்.)

எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, யாருடைய பண்டிகை என்றே தெரியாத குளிர்கால ஆஃபருக்கு. விற்கலாமா என்று கடைக்கு எழுதிக் கேட்டார். நாலே நிமிடத்தில் பதில்: நீங்கள் வாங்கியது கேம் இல்லை, ஆடுவதற்கான அனுமதி, அதைக் கைமாற்ற முடியாது. கார்டில் பணம் பிடித்த அன்று பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் போட்டிருந்தது. இதற்கு அவர் ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறார். கட்டுரை முடிவதற்குள் சொல்வார்.

புத்தகம் என்றால் இந்தத் தகராறு என்றோ தீர்ந்துவிட்டது. ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பாளர் உள்ளேயே அச்சடித்து வைத்தார். நியூயார்க்கின் மேசீஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. விற்ற சரக்கின் மேல் உனக்கென்ன பேச்சு என்கிற தோரணையில் 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது.

மென்பொருளுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. காலவரம்பில்லாத லைசென்ஸோடு டவுன்லோடு செய்ததை விற்கலாம், விற்கிறவர் தன் பிரதியை உபயோகிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் தீர்ப்பளித்தது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று, ‘கே ஷ்வாசீர்’ என்ற நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில், ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கேமையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. செய்தி படித்த அன்று நம்மவர் வீட்டில் கேசரி. 2022இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2024 அக்டோபர் 23 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றமும் கவிழ்த்ததே சரி என்றுவிட்டது.

காரணங்களில்தான் அவருக்குக் கோபம். கேம் வெறும் மென்பொருள் இல்லையாம். படம், இசை, கதை எல்லாம் சேர்ந்த படைப்பாம். போகட்டும். இன்னொன்று: ஆடி முடித்ததும் ஜனங்கள் உடனே சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். ஆடி முடித்ததும்! அந்த நீதிபதிகள் எந்த ஊரில் வசிக்கிறார்கள்? 143 கேம்களில் ஒன்றையாவது அவர் முடித்திருக்கிறாரா? அவர் விற்க நினைத்தது திறக்காத சரக்கு. விளம்பரம்கூடத் தயார்: ‘சிங்கிள் ஓனர். இருபது நிமிடம்தான் ஓடியது, அதில் பன்னிரண்டு நிமிடம் செட்டிங்ஸ். ஹீரோ இன்னும் முதல் கிராமத்துக் கிணற்றடியில் நிற்கிறார். வாள் உறையைவிட்டு வெளியே வந்ததில்லை. குதிரை ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, லாடம் கம்பெனி லாடம். வில்லன் முகமே ஓனருக்குத் தெரியாது. பேப்பர் எல்லாம் கரெக்ட்.’ டாக்டர் ஓட்டிய கார் என்று சொல்லி விற்கிறார்களே, இது டாக்டர் ஷெட்டைவிட்டே எடுக்காத கார். பார்க்க வருகிறவர் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வரட்டும். டயரை உதைக்கிற மாதிரி குதிரையை ஒரு உதை உதைக்கட்டும். “பாஸு, குதிரை இழுக்குதே?” என்று ஐந்நூறு குறைக்கட்டும். அவர் முந்நூறுக்கு இறங்குவார், வீட்டம்மா உள்ளே இருந்து நானூறு என்பார், கடைசியில் ஒரு கிலோ பேரீச்சம்பழத்துக்குப் படியும். பழைய இரும்புக்கே அது கிடைத்த நாடு இது!

இன்னொரு வாதம், டிஜிட்டல் பிரதி தேயாது என்பது. மின்னூல் வழக்கொன்றில் 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பழையதும் புதியதும் ஒன்றுபோலவே இருப்பதால் புதுச் சரக்கின் வியாபாரம் கெடும். அதாவது பொருள் கெட்டுப்போயிருந்தால் விற்றிருக்கலாம். குக்கருக்கு இருந்த யோக்கியதை அதனால்தான் போலிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது. சொல்லிவிட்டால் போடலாம். நம்மவர் அதைப் படிக்காமல் அழுத்துவார்.

தீர்வுக்கு வருவோம். வருவதற்குள் பேப்பர்காரர், பழைய கேம் சிடிகள் இருந்த அட்டைப் பெட்டியைக் கண்டுவிட்டார். “டப்பாவுக்குக் காசு உண்டு சார். தட்டுக்குக் கிடையாது.” பிளாஸ்டிக் டப்பாக்கள் எடைக்குப் போயின. தட்டுகளை வீட்டம்மா நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டார், புறாவை விரட்ட. அந்த 143இல் ஒன்றையாவது இப்படிக் கட்ட முடியுமா என்று கேட்கிறார்.

இரண்டு நாள் புறா வரவில்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்து, கொடியில் உட்கார்ந்து, தட்டில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது.