பூட்டு சார்

ஜாவாவில் பிழைப்பு நடத்தும் எந்த டீமிலும் ஒரு பூட்டு சார் இருப்பார். மெத்தட் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அதன் நெற்றியில் ‘சிங்க்ரனைஸ்டு’ என்று பட்டை போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். பிறந்ததிலிருந்து மதிப்பு மாறவே வழியில்லாத ஆப்ஜெக்ட்டுக்கும் அதே பட்டைதான்.

“இதுக்கு எதுக்கு சார்?”

“இருக்கட்டும் தம்பி. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல உள்ள பூந்துட்டா?”

பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘கவுண்ட் ப்ளஸ் ப்ளஸ்’ பார்க்க ஒரே வரி. உள்ளுக்குள் படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை. இரண்டு த்ரெட்டும் 10ஐப் படித்து, ஆளுக்கொன்று கூட்டி, இரண்டுமே 11 என்று எழுதிவிட்டுப் போகும். 12 வரவே வராது.

சாரின் குலதெய்வம் வெக்டர். ஜாவா 1.0 காலத்திலேயே பூட்டும் கையுமாகப் பிறந்தது. 1998இல் 1.2 வந்து, பூட்டில்லாத அர்ரேலிஸ்டை அறிமுகம் செய்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. 2004இல் ஜாவா 5 கொடுத்த அட்டாமிக்இன்டிஜரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் வெக்டரிடம் ‘காலியா?’ என்று கேட்டால் ஒரு முறை பூட்டித் திறக்கும், ‘முதலில் இருப்பதை எடு’ என்றால் அதே பூட்டை மறுபடி பூட்டும். இடையில் இன்னொரு த்ரெட் நுழைந்து இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு மிச்சம் எக்செப்ஷன்.

சாரிடம் முறையிட்டால், “இன்னொரு லாக் போடு” என்பார்.

போட்டாயிற்று. ராமு கணக்கைப் பூட்டிவிட்டு சோமு கணக்குக்காக ஒரு த்ரெட் நிற்கும். சோமு கணக்கைப் பூட்டிவிட்டு ராமு கணக்குக்காக இன்னொன்று நிற்கும். மாதக் கடைசி இரவில் சர்வர் அசையாது. சிபியு மட்டும் ஓய்வாக இருக்கும். ஜேஸ்டாக்கை ஓட்டினால், ‘ஃபவுண்ட் ஒன் ஜாவா லெவல் டெட்லாக்’ என்று குற்றப்பத்திரிகை வரும்.

“ஒண்ணுதானே?” என்பார் சார், ஆறுதலாக.

எந்த வரிசையில் பூட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம்; அதைவிட, பங்கு போடாத டேட்டாவுக்குப் பூட்டே வேண்டாம் என்று ஜூனியர் சொல்லிப் பார்ப்பான். சார் காதில் ஹெட்போன் இருக்கும்.

அகப்படாத பிழைக்கு அவரிடம் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு: நடுவில் ஒரு பிரின்ட்லைன். போட்டதும் பிழை மாயமாகிவிடும். பிரின்ட்லைனே உள்ளே ஒரு லாக் பிடித்துக் கொஞ்சம் தாமதமும் செய்வதால், த்ரெட்டுகள் மோதும் கணம் தள்ளிப்போகிறது. வியாதி அங்கேயேதான் இருக்கிறது. சாருக்கு அது போதும். புரொடக்ஷன் லாக் ஃபைலில் ‘இங்கே வந்தேன், இங்கே வந்தேன்’ என்று லட்சக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். கோடில் அந்த வரிக்கு மேலே கமென்ட்: ‘ஏன் என்று கேட்காதே. தொடாதே.’